கடைக்காப்பும் கருனியும்: நினைவக வழு தேடிய நிரலின் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. செடனாக்கிலும் இஸ்கந்தர் புத்திரியிலும் இதே காட்சிதான். நம் பாட்டன் பாட்டியர் பால்மரம் சீவிய மாநிலத்தில், சன்னல் இல்லாத நெடுங்கட்டடங்களுக்குள் பல்லாயிரம் கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. உலகெங்கும் இத்தகைய வழங்கிக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயக்குதளத்தின்மீது ஓடுகின்றன. நம் மாணவர்களின் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் அதுவே உள்ளது. அவ்வியக்குதளத்தின் நடுப்பகுதியைக் கெர்னல் என்பர். தமிழில் எழுதுவோர் சிலர் கருனி என்று வழங்குகின்றனர். நாமும் அச்சொல்லையே ஆள்வோம்.

அக்கருனிக்குள் ஒரு பகுதி நிரல் உண்டு. கருனியின் பிற பகுதிகள் நினைவகத்தைத் தவறாகக் கையாளும்போது அதனைக் காட்டிக் கொடுப்பது மட்டுமே அதன் பணி. அந்தக் காவல் நிரல் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு பலவாகப் பெருகியது, பின்னர் எவ்வாறு கலைத்து மறுபடி அடுக்கப்பட்டது, அந்த அடுக்கலில் எது தப்பியது, எது நழுவியது என்பதே இவ்வுரையின் பொருள்.

மொழியியல் கற்ற நாம் இதில் ஏன் தலையிடுகிறோம் என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நாம் நிரல் எழுதுவோர் அல்லோம். ஆயினும் ஒரு மாணவர் நம்மிடம், “ஐயா, ‘பக்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியுமே, எதற்காக ‘வழு’ என்று ஒரு பழஞ்சொல்லைத் தேடிப் பிடித்தீர்கள்?” என்று கேட்டார். வழு என்பது தேடிப் பிடித்த சொல் அன்று என்றோம். தொல்காப்பியக் கிளவியாக்கம் முழுவதும் வழுவாது காக்கும் முயற்சியே. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களை நன்னூல் வகுத்துள்ளது. வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்று நிலைகளை இலக்கணிகள் பிரித்துக் கண்டனர். இம்மூன்றனையும் கையில் வைத்துக்கொண்டு கருனியின் வரலாற்றைப் படித்தால் பல இடங்கள் எளிதில் விளங்குகின்றன. அம்மாணவருக்கு அன்று பாதி விடைதான் சொன்னோம், மீதி இங்கே.

முதலில் நினைவகம் பற்றிச் சில சொற்கள். கருனியின் ஒவ்வொரு பகுதியும் தன் வேலைக்கு வேண்டிய இடத்தை ஒரு பங்கீட்டாளரிடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. வாங்கிய இடத்தின் எல்லையைத் தாண்டி அடுத்தவர் இடத்தில் எழுதிவிடுவது ஒரு வழு. திருப்பிக் கொடுத்த இடத்தைத் தனதென்றே எண்ணித் தொடர்ந்து ஆள்வது இன்னொன்று. வாங்கிய இடத்தில் எதையும் எழுதாமலே, முன்பு அங்கே கிடந்ததைத் தன் செய்தியாகப் படித்துவிடுவதும் உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதன் முகவரியையும் தொலைத்துவிட்டால் அது கசிவு. இவற்றில் பெரும்பாலானவற்றின் கொடுமை என்னவெனில், வழு நேர்ந்த இடம் ஒன்று, துன்பம் தெரியும் இடம் வேறொன்று. காலையில் ஒரு பகுதி எல்லை மீறி எழுதியிருக்கும். மாலையில் அதனோடு தொடர்பே இல்லாத மற்றொரு பகுதி சரிந்து விழும். விழுந்தவனை விசாரித்துப் பயனில்லை.

1994ஆம் ஆண்டு ஜெஃப் பான்விக் என்பவர், சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயக்குதளத்துக்குத் தாம் உருவாக்கிய ‘ஸ்லாப்’ என்னும் பங்கீட்டு முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரே அளவுள்ள பொருள்களை ஒரே பாத்தியில் வைத்து வழங்கும் முறை அது. மார்க் ஹெம்மென்ட் என்பவர் 1996, 1997ஆம் ஆண்டுகளில் இம்முறையை ஒட்டி லினக்ஸ் கருனிக்கு ஒரு பங்கீட்டாளரை எழுதினார். அதனுள்ளேயே வழு காட்டும் ஏற்பாடுகளும் இருந்தன. இரண்டை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

ஒன்று, நஞ்சிடல். திருப்பிக் கொடுக்கப்பட்ட இடம் முழுவதும் 107 என்னும் எண்ணால் நிரப்பப்படும். இறுதி பைட்டில் மட்டும் 165 எழுதப்படும். அவ்விடம் மறுபடி வழங்கப்படும்போது எண்கள் மாறியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் யாரோ உரிமையின்றி எழுதியிருக்கிறார்கள் என்பது புலப்படும். 107 என்பது ரோமன் எழுத்து வரிசையில் சிற்றெழுத்துக் ‘கே’ ஆகும். ஆதலால் சரிந்த கணினியின் நினைவகப் படிவத்தில் ‘கே’ எழுத்து வரிசை வரிசையாகத் தென்பட்டால், பழகிய பொறியாளர் அடுத்த வரியைப் படிக்குமுன்பே காரணத்தை ஊகித்துவிடுவார்.

மற்றொன்று, ஒவ்வொரு பொருளின் ஓரத்திலும் அறிந்த ஓர் எண்ணைக் காவலாக நிறுத்துவது. எல்லை மீறி எழுதுபவர் முதலில் அந்த எண்ணையே அழிப்பார். ஆங்கிலத்தில் இதனைச் செந்நிறப் பகுதி என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். நாம் இதற்குக் கடைக்காப்பு என்னும் பெயரை முன்மொழிகிறோம். ஞானசம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்பர். அதில் பாடியவர் பெயர் வரும். பதிகம் அங்கே நிறைவுற்றது என்பதும் தெரியும். ஏடு பெயர்த்து எழுதுவோன் அப்பாட்டைக் காணவில்லை எனில், ஏதோ உதிர்ந்துவிட்டது என்று ஐயுறுவான். அந்தாதியும் இவ்வாறே காக்கிறது. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. நான்காம் பத்தோ அந்தாதியாக அமைந்தது. அதன் இடையில் ஒரு பாட்டு விழுந்திருந்தால், ஒன்றன் இறுதி மற்றொன்றன் முதலோடு சேராமல் நின்று அக்குறையைத் தானே காட்டியிருக்கும். நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்று யாம் சொல்லவில்லை. அத்தகைய பேச்சு நமக்கு உடன்பாடும் அன்று. அழியக்கூடிய பொருளில் எழுதியவர்கள், அழிவைக் காட்டும் அடையாளத்தையும் உடன் எழுதிவைக்க நேர்ந்தது என்பதே நாம் சொல்வது.

இனிப் பெருக்கத்தின் கதை. சிறிய கருவிகளுக்கென ஸ்லோப் என்னும் மற்றொரு பங்கீட்டாளர் 2006ஆம் ஆண்டு கருனியில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதிய ஸ்லப் வந்தது. மூன்றும் ஒரே வேலையைச் செய்தன. ஆனால் காவல் மூன்றிலும் ஒரே தரமாக இல்லை. ஸ்லாப்பில் வழு தேட வேண்டுமெனில் கருனியையே அதற்கெனத் தனியே தொகுத்தாக வேண்டும். ஸ்லப்பில் கணினி தொடங்கும்போது ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். எந்தப் பகுதி வாங்கியது, எது திருப்பியது என்ற குறிப்பைக்கூட அது வைத்துக்கொள்ளும். ஸ்லோப்பிலோ பெயரளவுக் காவலே இருந்தது. நஞ்சு எண்களும் கருனியெங்கும் சிதறிக் கிடந்தன. 2006ஆம் ஆண்டில் அவற்றைத் திரட்டி ஒரே தலைப்புக் கோப்பில் வைத்தனர். எந்த எண்ணும் மாறவில்லை. இருந்த இடம் மட்டுமே மாறியது. எனினும் அதன்பின்தான், ஒரு படிவத்தில் விந்தையான எண்ணைக் கண்டவர் அது யாருடைய நஞ்சு என்று ஓரிடத்தில் பார்த்து அறிய முடிந்தது.

வெளி நடத்தை மாறாமல் உள்ளமைப்பைச் சீராக்கும் இத்தகைய பணியை நிரல் மறுசீரமைப்பு என்கிறோம். வில்லியம் ஒப்டைக் 1992ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதனை முறைப்படி ஆராய்ந்தது. மார்ட்டின் ஃபௌலரின் 1999ஆம் ஆண்டு நூல் இதனை எங்கும் பரப்பியது. வெளி நடத்தை மாறக்கூடாது என்னும் நெறி, காவல் நிரலைப் பொறுத்தவரை சிக்கலானது. வழு இல்லாத நாளில் காவலனின் வெளி நடத்தை என்பது ஒன்றுமே இல்லை. காவலனை அகற்றிவிட்டாலும் அன்று எல்லாம் முன்போலவே நடக்கும்.

2009ஆம் ஆண்டு வந்த 2.6.31 பதிப்பில் இரு புதிய காவலர்கள் சேர்ந்தனர். ஒன்று காட்டலின் மரினாஸ் எழுதிய கேமெம்லீக். இது நினைவகத்தைக் காலமுறையில் துருவிப் பார்த்து, எந்த முகவரியாலும் சுட்டப்படாமல் அநாதையாகக் கிடக்கும் இடங்களைக் கசிவு என்று ஐயுற்றுப் பட்டியலிடும். சில இடங்கள் சுட்டப்படாமல் இருப்பதே முறையாக இருக்கும். அவற்றைக் ‘கசிவு அன்று’ என்று நிரலிலேயே குறித்து வைக்க வழி செய்தனர். இது முழுமையான வழுவமைதி. பசுவை உவந்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவப்பு என்னும் காரணம் இருப்பதால் இலக்கணி அதனை அமைத்துக்கொள்கிறார். காரணத்தைச் சொல்லி அமைப்பதே அமைதி. காரணம் சொல்லாமல் விடுவது புறக்கணிப்பு. கருனியிலும் இவ்வேறுபாடு உண்டு. காரணம் எழுதப்பட்ட விலக்குகளைப் பின்வந்தவர்கள் அச்சமின்றிச் சீரமைத்தனர். எழுதப்படாதவற்றைத் தொடவே தயங்கினர்.

மற்றொன்று வேகார்ட் நோசும் முதலியோர் எழுதிய கேமெம்செக். எதுவும் எழுதப்படாத இடத்தைப் படிக்கும் வழுவை இது பிடித்தது. விலை மிகுதி. நினைவகத்தின் ஒவ்வொரு தொடுகையையும் நிறுத்தி விசாரித்ததால் கணினி ஊர்ந்தது. ஒரே ஒரு செயலியோடுதான் அது வேலை செய்தது. 2015ஆம் ஆண்டு 4.0 பதிப்பில் ஆந்திரேய் ரியாபினின் எழுதிய காசான் வந்தது. எட்டு பைட்டுகளுக்கு ஒரு பைட்டு என நிழற்குறிப்பு வைத்து, ஒவ்வொரு தொடுகைக்கும் முன்னே அந்நிழலைப் பார்க்கும்படி தொகுப்பியே நிரலில் சோதனையைச் செருகிவிடும் முறை இது. விரைவானது, வழுக்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்தது. கேமெம்செக்கை அகற்றலாம் என்ற பேச்சு உடனே எழுந்தது. காசானுக்குப் புதிய தொகுப்பி வேண்டும், எல்லாரிடமும் அது இல்லை என்ற மறுப்பினால் இரண்டாண்டுகள் பொறுத்திருந்தனர். 2017ஆம் ஆண்டு இறுதியில், 4.15 பதிப்புக்கான பணியின்போது, கேமெம்செக் முழுவதும் நீக்கப்பட்டது.

பொறுத்திருந்து செய்தது பாராட்டத்தக்கது. ஆனால் இவ்விரண்டும் ஒரே வழுவைத் தேடியவை அல்ல. எல்லை மீறலையும் திருப்பியபின் ஆள்வதையும் காசான் பிடிக்கும். எழுதப்படாததைப் படிப்பதை அது பிடிக்காது. அதற்குரிய கேம்சான் என்னும் கருவி கருனிக்கு வெளியே வளர்ந்துவந்தது, 6.1 பதிப்பில் அது உள்ளே வந்தபோது 2022ஆம் ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முதன்மைக் கருனியில் அவ்வகை வழுவுக்கெனத் தனிக் காவலர் இல்லை. கேமெம்செக்கைப் பலரும் பயன்படுத்தவில்லை என்பதும் உண்மையே. ஆதலின் அன்று செய்தது பிழை என்று தீர்ப்புக் கூற நமக்கு மனம் இல்லை. இடைவெளி இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறோம்.

இதற்கு மாறாக நன்கு நடந்த சீரமைப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். முழுப் பக்கங்களுக்கு நஞ்சிடும் நிரல் 2009ஆம் ஆண்டு வேறொரு வசதியின் துணையாக வந்தது. 2016ஆம் ஆண்டு 4.6 பதிப்பில் அதனைத் தனிக் கோப்பாக்கினர். அப்போது, 170 என்னும் வழக்கமான நஞ்சு எண்ணுக்குப் பதிலாகச் சுழியத்தை இடும் விருப்பமும், இட்ட நஞ்சைப் பின்னர்ச் சோதிக்காமல் விடும் விருப்பமும் சேர்ந்தன. இவை பிழை தேடுவதற்கன்று. பழைய மறைபொருள் பிறர் கையில் சிக்காமல் துடைப்பதற்கு. 2019ஆம் ஆண்டு 5.3 பதிப்பில் அத்துடைப்புக்கெனவே தனி வசதி பிறந்தது. 2021ஆம் ஆண்டு 5.11 பதிப்பில் விளாஸ்டிமில் பாப்கா முன்னைய இரு விருப்பங்களையும் நீக்கினார். துடைப்பது துடைப்பவரிடமும், சோதிப்பது சோதிப்பவரிடமும் சென்றன. மாற்று முதலில் வந்தது. நீக்கம் பின்னர் நிகழ்ந்தது.

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், செருமனியில் வலைத்தளங்களைப் பேணும் நிறுவனம் ஒன்றில், சுருக்கி வைத்த பதிவுக் கோப்பு ஒன்று திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் முறையிட்டார். அத்தகைய கோப்பின் இறுதி எட்டு பைட்டுகளில், உள்ளடக்கத்தின் சரிபார்ப்பு எண்ணும் நீளமும் இருக்கும். அவ்வெட்டு பைட்டுகள்தாம் வேறு எழுத்துகளாக மாறியிருந்தன. கடைக்காப்பு அழிந்ததால் கோப்புத் திறக்கவில்லை. மாதங்கள் சென்றன, முறையீடுகள் மீண்டும் வந்தன. கெட்ட கோப்புகளில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்குரியவை என்று அங்குப் பணியாற்றிய மாக்ஸ் கெல்லர்மன் கவனித்தார். அந்நூலைப் பிடித்துக்கொண்டு சென்று, 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், வழு கருனியிலேயே உள்ளது என்று கண்டார். படிக்க மட்டுமே உரிமையுள்ள எந்தக் கோப்பிலும் எவரும் எழுதிவிட முடியும் என்பது அதன் பொருள். மார்ச் 7ஆம் நாள் அது உலகறிய வெளியானது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த உயர்விலைக் கைப்பேசிகளிலும் அது இருந்தது.

அவ்வழு பிறந்த விதத்தை ஆசிரியர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்லும் குழாயில் அறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் கொடிகள் என்னும் ஒரு குறிப்பு இடம் உண்டு. 2016ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு பகுதி, அறையை மறுபடி பயன்படுத்தும்போது பழைய கொடிகளை அழிக்க மறந்தது. அன்று அதனால் எத்தீங்கும் இல்லை; தீங்கு செய்யத்தக்க கொடி எதுவும் அன்று இல்லை. அறையில் இருப்பதோடு புதிய தரவைச் சேர்த்து எழுதலாமா என்பதை, அவ்வறை எந்தச் செயல் அட்டவணையைச் சுட்டுகிறது என்பதைக் கொண்டு கருனி தீர்மானித்தது. 2020ஆம் ஆண்டு 5.8 பதிப்பில் ஒரு மறுசீரமைப்பு நடந்தது. ஏறக்குறைய ஒன்றுபோலிருந்த அட்டவணைகளை ஒன்றாக்கினர். ‘சேர்த்து எழுதலாம்’ என்பதை ஒரு கொடியாக மாற்றினர். மாற்றம் தன்னளவில் அழகானது. ஆனால் நான்காண்டுகளாகத் துடைக்கப்படாமல் கிடந்த எச்சத்துக்கு அன்றுதான் பொருள் வந்தது.

நம் எழுத்து வரலாற்றில் இதற்கு நேர் ஒப்புமை உண்டு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. அதன்படி புள்ளியற்ற வடிவம் நெடில். ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பலர் அதனை விட்டுவிட்டனர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகக் கூறப்படும் சீர்திருத்தத்தில், நெடிலுக்குத் தனிக்குறி வந்தது. குறி இல்லாத வடிவம் குறில் ஆயிற்று. சீர்திருத்தம் நன்றே, இன்று நாம் எழுதுவது அவ்வாறே. ஆனால் பழைய ஏட்டில் வெறுமைக்கு ஒரு பொருள், புதிய அச்சில் அதே வெறுமைக்கு எதிர்ப்பொருள். பழைய ஏட்டைப் புதிய கண்ணால் படிப்பவர், எழுதியவர் எண்ணாத குறிலை அங்கே படித்துவிடுவார். பிழை பழைய ஏட்டிலும் இல்லை, புதிய விதியிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ளது.

காவல் நிரல்கள் ஏன் இதனைப் பிடிக்கவில்லை என்னும் வினா எழும். எல்லை மீறல் இல்லை. திருப்பிய இடத்தை ஆளவில்லை. அந்தக் கொடி ஒரு காலத்தில் முறையாக எழுதப்பட்ட மதிப்பே ஆகையால், எழுதப்படாததைப் படித்ததாகவும் கருவி எளிதில் கொள்ளாது. சொல் பிழையன்று, தொடர் பிழையன்று, பொருள் மட்டும் பிழை. இத்தகைய மரபு வழுவை எழுத்தெண்ணிக் காண முடியாது என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. திருத்தம் இரண்டே வரிகள்: இரண்டு இடங்களில் கொடிகளைச் சுழியமாக்கினர்.

இறுதியாக மூன்று பங்கீட்டாளர்களின் முடிவு. ஸ்லோப் 2023ஆம் ஆண்டு 6.4 பதிப்பில் நீக்கப்பட்டது. ஸ்லாப் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த 6.8 பதிப்பில் நீங்கியது. இவ்விரு பணிகளையும் முன்னின்று செய்தவரும் பாப்காவே. முன்னறிவிப்புத் தந்து, பயன்படுத்துவோர் குறைகளைக் கேட்டு, படிப்படியாகச் செய்தனர். இன்று ஸ்லப் ஒன்றே உள்ளது. நஞ்சும் கடைக்காப்பும் அதற்குள் ஒரே முறையில் அமைந்துவிட்டன. 107 இன்னும் 107ஆகவே இருக்கிறது.

நீக்கப்பட்ட ஸ்லாப் கோப்பை மாணவர்கள் இன்றும் படிக்கலாம். கருனியின் ஒவ்வொரு மாற்றமும், அதனைச் செய்தவர் எழுதிய காரணத்தோடு, கிட் என்னும் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அக்களஞ்சியம் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை எல்லாம் ஒரே மூட்டையாக முதல் நாளில் வந்து இறங்கியவை; எந்த வரியை எவர், எக்காரணத்தால் எழுதினார் என்ற குறிப்பு அம்மூட்டையில் இல்லை. ஸ்லாப் கோப்பின் தலைப்பில் மட்டும் ஹெம்மென்ட் பெயரும் 1996, 1997 என்னும் ஆண்டுகளும் காணப்படுகின்றன.